ஐ.பி. முகவரி முரண்பாடு

ஐ.பி. முகவரி முரண்பாடு என்பது ஒரே உள்வலையமைப்பில் இணைந்துள்ள இரண்டு கருவிகள் ஒரே இணைய நெறிமுறை முகவரியைத் தமதாகக் கொண்டு இயங்க முற்படும் நிலை ஆகும். கணினி, அச்சுப்பொறி, கண்காணிப்புக் கேமரா, வருகைப்பதிவுக் கருவி, ஆலை இயந்திரத்தின் கட்டுப்படுத்தி என வலையமைப்பில் இணையும் எவற்றிடையேயும் இது நேரலாம். முரண்பட்ட கருவிகளுள் ஒன்றோ இரண்டுமோ தொடர்பை இழக்கின்றன. பெரும்பாலும் அவை முற்றாக இழப்பதில்லை, விட்டுவிட்டு இழக்கின்றன. இதனாலேயே கம்பிவடப் பழுது, இணையச் சேவை வழங்குநரின் கோளாறு, நச்சுநிரல் என்றெல்லாம் இது தவறாகக் கருதப்படுவதுண்டு.

இதனை முகவரி மோதல் என்றும் எழுதுவர். எனினும் ஈத்தர்நெட் தொழில்நுட்பத்தில் ஒரே கம்பியில் இரு குறிகைகள் ஒரே நேரத்தில் செலுத்தப்படுவதற்கும் மோதல் என்ற பெயர் வழங்குவதால், இக்கட்டுரையில் முரண்பாடு என்ற சொல்லே ஆளப்படுகிறது.

அடிப்படை

உள்வலையமைப்பில் ஒவ்வொரு கருவிக்கும் இரண்டு முகவரிகள் உண்டு. ஒன்று, வலையமைப்பு அட்டையில் உற்பத்தியாளர் பதித்த 48 இரும எண்கள் கொண்ட வன்பொருள் முகவரி. இது மேக் முகவரி எனப்படும். மற்றொன்று, பயன்படுத்துவோர் இடுகின்ற அல்லது தானாகப் பெறப்படுகின்ற 32 இரும எண்கள் கொண்ட ஐ.பி. முகவரி. ஒரு கணினி 192.168.1.20 என்ற முகவரிக்குத் தரவுப் பொட்டலம் அனுப்ப வேண்டுமாயின், முதலில் "192.168.1.20 யாருடையது?" என்று வலையமைப்பு முழுவதற்கும் கேள்வி விடுக்கிறது. அம்முகவரிக்கு உரிய கருவி தன் மேக் முகவரியைப் பதிலாகத் தருகிறது. இவ்வழிமுறை ஆர்ப் எனப்படும் முகவரித் தீர்வு நெறிமுறை ஆகும். டேவிட் பிளம்மர் எழுதி 1982 நவம்பரில் வெளியான ஆர்.எஃப்.சி. 826 என்னும் ஆவணம் இதனை வரையறுத்தது.

இந்நெறிமுறையில் சரிபார்ப்பு எதுவும் இல்லை. பதில் தருபவர் உண்மையில் உரியவர்தானா என்று எவரும் கேட்பதில்லை. ஒரே தெருவில் ஒரு வீட்டின் பழைய எண்ணும் மற்றொரு வீட்டின் புதிய எண்ணும் 12 ஆக இருந்தால், அஞ்சல்காரர் எந்த வீட்டில் முதலில் கதவு திறக்கிறதோ அங்கே கடிதத்தைத் தந்துவிட்டுச் செல்வது போன்றது இது.

ஏன் விட்டுவிட்டுத் தோன்றுகிறது?

பெற்ற பதிலைக் கணினி தன் நினைவகத்தில் ஓர் அட்டவணையாகச் சிறிது நேரம் வைத்திருக்கும். அண்மைக்கால விண்டோஸ் பதிப்புகளில் ஒரு பதிவு ஏறத்தாழ 15 முதல் 45 நொடிகள் வரை உறுதியானதாகக் கொள்ளப்படும். சிஸ்கோ ரவுட்டர்களில் இயல்நிலைக் காலம் 4 மணி நேரம். எனவே ஒரே அலுவலகத்தில், ஒரு மேசையிலுள்ள கணினி உண்மையான வழங்கியை நாடிக்கொண்டிருக்கும்போது, அடுத்த மேசையிலுள்ள கணினி அதே முகவரியைக் கொண்ட அச்சுப்பொறியை நாடிக்கொண்டிருக்கலாம். சில நொடிகளுக்குப் பின் நிலைமை தலைகீழாகவும் மாறலாம். "எனக்கு வேலை செய்கிறது, அவருக்குச் செய்யவில்லை" என்ற முறையீட்டின் காரணம் பெரும்பாலும் இதுவே.

இணைப்பு அறுந்துபோவதற்கும் காரணம் உண்டு. டி.சி.பி. நெறிமுறையில் நடந்துகொண்டிருக்கும் ஓர் உரையாடலின் பொட்டலம், அவ்வுரையாடலை அறியாத மற்றொரு கருவிக்குச் சென்று சேர்ந்தால், அக்கருவி "இப்படியோர் இணைப்பு இல்லை" என்று பொருள்படும் முறிப்புச் செய்தியைத் திருப்பி அனுப்பும். கணக்கியல் மென்பொருளில் பட்டியல் தயாரித்துக்கொண்டிருப்பவரின் திரையில் "வழங்கியுடன் தொடர்பு அறுந்தது" என்று தோன்றுவது இவ்வாறே. பிங் கட்டளை மட்டும் இந்நேரத்திலும் பதில் பெறும். பதில் தருவது எந்தக் கருவி என்பதை அது சொல்வதில்லை. ஆகவே பிங் பதில் வருகிறது என்பது முகவரி சரியாக உள்ளது என்பதற்குச் சான்று ஆகாது.

முரண்பாட்டைக் கண்டறியும் நெறிமுறைகள்

முகவரிகளைக் கையால் இட்ட காலத்தில் முரண்பாடு முழுக்க முழுக்க மனிதத் தவறாகவே இருந்தது. முகவரியைத் தானாகப் பங்கிட்டுத் தரும் டி.எச்.சி.பி. நெறிமுறை 1993இல் வரையறுக்கப்பட்டது. 1997 மார்ச்சில் வெளியான ஆர்.எஃப்.சி. 2131 அதன் இன்றைய வடிவத்திற்கு அடிப்படை. இதில் முகவரி குறிப்பிட்ட காலத்திற்குக் குத்தகையாகத் தரப்படுகிறது. முகவரியைப் பெற்ற கருவி, அதனைப் பயன்படுத்தும் முன் வேறெவரேனும் வைத்துள்ளனரா என்று ஆர்ப் வழியாகச் சோதிக்க வேண்டும் என இவ்வாவணம் பரிந்துரைக்கிறது. வேறொருவர் வைத்திருப்பது தெரிந்தால் மறுப்புச் செய்தி அனுப்புவதைக் கட்டாயமாக்குகிறது. சோதிப்பது பரிந்துரை, மறுப்பது கட்டாயம் என்ற இவ்வேறுபாடு கவனத்திற்குரியது. சோதிக்காத கருவி மறுக்கவும் வாய்ப்பில்லை.

ஆப்பிள் நிறுவனப் பொறியாளர் ஸ்டூவர்ட் செசயர் எழுதி 2008 சூலையில் வெளியான ஆர்.எஃப்.சி. 5227 இவ்விடைவெளியை நிரப்ப முயன்றது. இதன்படி, ஒரு கருவி முகவரியை ஏற்கும் முன், அனுப்புநர் முகவரியை வெறுமையாக விட்டு, மூன்று தேடல் செய்திகளை 1 முதல் 2 நொடி இடைவெளியில் அனுப்ப வேண்டும். பதில் ஏதும் வராவிடில் "இது என்னுடையது" என்று இரு முறை அறிவிக்க வேண்டும். பின்னர் வேறொருவர் உரிமை கோரினால் ஒரு முறை தற்காப்பு அறிவிப்பு விடலாம். 10 நொடிக்குள் மீண்டும் முரண்பாடு நேர்ந்தால் பொதுவாக முகவரியைக் கைவிட வேண்டும். அனுப்புநர் முகவரியை வெறுமையாக விடுவதன் நோக்கம், சோதனையே பிற கணினிகளின் அட்டவணையைக் கெடுத்துவிடக் கூடாது என்பதாகும்.

விண்டோஸ் இயங்குதளம் முரண்பாட்டைக் கண்டால் திரையில் எச்சரிக்கை காட்டி, நிகழ்வுப் பதிவேட்டில் 4199 என்ற எண்ணுடன் மற்ற கருவியின் மேக் முகவரியையும் குறித்து வைக்கிறது. லினக்ஸ் கருனி தானாக எச்சரிப்பதில்லை. ஆர்ப்பிங் என்னும் கருவிநிரலால் சோதித்தறிய வேண்டும். பழைய கேமராக்கள், வருகைப்பதிவுக் கருவிகள், மலிவான அச்சுப்பொறி இணைப்பிகள் பலவும் எச்சரிப்பதும் இல்லை, சோதிப்பதும் இல்லை. முரண்பாட்டில் எப்போதும் ஓசையெழுப்பும் கணினியின்மீதே ஐயம் விழுகிறது. ஓசையின்றி முகவரியை எடுத்துக்கொண்ட கருவி கவனத்திற்கு வருவதில்லை.

ஒசூர் - கிருஷ்ணகிரி தொழிற்பகுதியில்

2004 பிப்ரவரி 9 அன்று தருமபுரி மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்ட கிருஷ்ணகிரி மாவட்டத்தின் மேற்கு விளிம்பில், பெங்களூருவிலிருந்து ஏறத்தாழ 40 கி.மீ. தொலைவில் ஒசூர் அமைந்துள்ளது. அசோக் லேலண்ட், டி.வி.எஸ். மோட்டார், டைட்டன் ஆகிய பெருநிறுவனங்களின் ஆலைகளும், சிப்காட், சிட்கோ தொழிற்பேட்டைகளில் உதிரிபாகம் செய்யும் சிறு, நடுத்தரத் தொழிற்கூடங்களும் இங்குள்ளன. இத்தகைய சிறு தொழிற்கூடத்தின் வலையமைப்பு முகவரி முரண்பாட்டிற்கு ஏற்ற களமாக இருப்பதற்குச் சில காரணங்களைச் சுட்டலாம்.

முதலாவது, கருவிகளின் கலப்பு. பத்துப் பதினைந்து கணினிகளுக்காக அமைத்த வலையமைப்பில் கேமராப் பதிவுக் கருவி, விரல்ரேகை வருகைப்பதிவு, எடைமேடைக் கணினி, சி.என்.சி. இயந்திரங்கள், பி.எல்.சி. கட்டுப்படுத்திகள் ஆகியன ஒவ்வொன்றாக வந்து சேர்கின்றன. ஒவ்வொன்றையும் நிறுவுபவர் வேறு வேறு ஒப்பந்தக்காரர். ஒவ்வொருவரும் தம் கருவிக்கு ஒரு நிலைமுகவரியை இட்டுவிட்டுச் செல்கின்றனர், அல்லது ஆலையில் வந்த முகவரியை அப்படியே விட்டுவிடுகின்றனர். தாகுவா கேமராக்கள் 192.168.1.108 என்றும், ஹிக்விஷன் கேமராக்கள் 192.168.1.64 என்றும், சட்கே-டெகோ வகை வருகைப்பதிவுக் கருவிகள் 192.168.1.201 என்றும் இயல்நிலை முகவரியுடன் வருவது வழக்கம். சிறு ரவுட்டர்கள் பலவற்றில் தானாகப் பங்கிடும் தொகுதி 100 முதல் 199 வரை அமைந்திருக்கும். 108 அத்தொகுதிக்குள் விழுவதைக் காண்க. ஒரே வகைக் கேமராக்கள் நான்கை ஒரே நாளில் பெட்டியிலிருந்து எடுத்து இணைத்தால் நான்கும் தமக்குள்ளேயே முரண்படும்.

இரண்டாவது, மின்தடை. 2008 முதல் சில ஆண்டுகள் தமிழகத்தில் கடும் மின்பற்றாக்குறை நிலவியது. 2012இல் சென்னைக்கு வெளியே நாளொன்றுக்குப் பல மணி நேர மின்வெட்டு இருந்தது. அக்காலத்தில் சிறு அலுவலகங்களில் முகவரி முரண்பாடு அன்றாட நிகழ்வானதன் பின்னணி பின்வருமாறு. சிறு ரவுட்டர்கள் பல, குத்தகை அட்டவணையை அழியும் நினைவகத்திலேயே வைத்துள்ளன. மின்சாரம் போனால் அட்டவணை அழிகிறது. கணினியும் சுவிட்சும் யு.பி.எஸ். துணையால் தொடர்ந்து இயங்குவதால் கணினி தன் பழைய குத்தகையைக் கைவிடுவதில்லை. குத்தகைக் காலத்தில் பாதி கழியும் வரை அது ரவுட்டரிடம் பேச வேண்டிய தேவையும் இல்லை. மின்சாரம் திரும்பியதும் வெற்று அட்டவணையுடன் எழும் ரவுட்டர், அதே முகவரியைப் புதிதாகக் கேட்கும் மற்றொரு கருவிக்கு வழங்கிவிடுகிறது. கேட்ட கருவி ஆர்ப் சோதனை செய்யும் வகையாயின் மறுத்துவிடும். செய்யாத வகையாயின் முரண்பாடு தோன்றும். பற்றாக்குறைக் காலம் முடிந்த பின்னரும், பராமரிப்பிற்காக மின்சாரம் நிறுத்தப்படும் நாள்களில் இதே நிகழ்வு இடம்பெறக்கூடும்.

இதன் மற்றொரு வடிவம் இயந்திரங்கள் அணைந்திருக்கும் நேரத்தில் நிகழ்வது. நிலைமுகவரி கொண்ட சி.என்.சி. இயந்திரம் ஞாயிறன்று அணைக்கப்பட்டுள்ளது. அம்முகவரி பங்கிடும் தொகுதிக்குள் உள்ளது. திங்கள் காலை முதலில் வந்தவரின் மடிக்கணினிக்கு ரவுட்டர் அதனை வழங்குகிறது. அப்போது சோதித்தாலும் பதில் சொல்ல எவரும் இல்லை. முறைமாற்றத்தின்போது இயந்திரம் இயக்கப்பட்டதும் முரண்பாடு எழுகிறது. மேலாண்மை வசதியுள்ள சுவிட்சுகளில் இன்னொரு நுட்பமும் உண்டு. இணைப்பு வளையங்களைத் தடுக்கும் நெறிமுறை, மின்சாரம் வந்தபின் ஏறத்தாழ 30 நொடிகள் வரை இணைப்பு முனைகளில் போக்குவரத்தைத் தடுத்து வைக்கும். அந்நேரத்தில் அனுப்பப்படும் தேடல் செய்திகள் எங்கும் சென்று சேர்வதில்லை. இரு கருவிகளும் "எதிர்ப்பில்லை" என்று முடிவு செய்து ஒரே முகவரியை ஏற்றுக்கொள்கின்றன. கணினிகள் இணையும் முனைகளை உடனே திறக்குமாறு அமைப்பதே இதற்கு வழி.

மூன்றாவது, மாநில எல்லை. எல்லை தாண்டிச் செல்லும் ரூ.50,000க்கு மேற்பட்ட மதிப்புடைய சரக்கிற்கு 2018 ஏப்ரல் 1 முதல் மின்வழிச்சீட்டு, அதாவது இ-வே பில், கட்டாயம். தமிழகத்திற்குள் செல்லும் சரக்கிற்கு இவ்வரம்பு ரூ.1 இலட்சம். கூலிவேலைக்காக ஒரு மாநிலத்திலிருந்து மற்றொரு மாநிலத்திற்கு அனுப்பும் சரக்கிற்கு மதிப்பு வரம்பே கிடையாது; எவ்வளவு சிறிய மதிப்பாயினும் சீட்டு வேண்டும். முலாம் பூசவோ வெப்பப் பதம் செய்யவோ ஒசூரிலிருந்து பொம்மசந்திரா செல்லும் ஒரு பெட்டி உதிரிபாகமும் இதில் அடங்கும். கைபேசிச் செயலி வழியாகவும் சீட்டை உருவாக்கலாம் என்றாலும், பட்டியல் எண்ணும் பொருள் விவரமும் இருப்பது கணக்குக் கணினியில்தான். அக்கணினியின் முகவரி முரண்பட்டால் ஏற்றிய வண்டி ஜூஜூவாடியை நோக்கிப் புறப்பட இயலாது. வாகன ஆலைகள் உதிரிபாகங்களைச் சேமித்து வைக்காமல் வேண்டிய வேளையில் மட்டும் பெறும் முறையைப் பின்பற்றுவதால், சில மணி நேரத் தாமதமும் உதிரிபாகம் தருபவருக்கு இழப்பாகிறது.

எல்லை சார்ந்த இன்னொரு சிக்கல், தலைமை அலுவலகம் பெங்களூருவிலும் தொழிற்கூடம் ஒசூரிலும் உள்ள நிறுவனங்களுக்கு உரியது. இரு இடங்களிலும் ரவுட்டரை வாங்கியபடியே பயன்படுத்தினால் இரண்டும் 192.168.1.0 என்ற ஒரே தொகுதியில் அமைந்திருக்கும். தனித்தனியே இயங்கும் வரை தொல்லையில்லை. வி.பி.என். வழியாக இரண்டையும் இணைத்த அன்று, பெங்களூருவிலுள்ள 192.168.1.10 வழங்கியை நாடும் ஒசூர்க் கணினி, தன் கட்டடத்திலேயே உள்ள 192.168.1.10ஐத் தேடும். துல்லியமாகச் சொன்னால் இது முகவரி முரண்பாடு அன்று, தொகுதி மேற்பொருந்தல். இங்கு எந்த எச்சரிக்கையும் தோன்றாது. 1996இல் வெளியான ஆர்.எஃப்.சி. 1918 தனியார் பயன்பாட்டிற்கென ஒதுக்கிய 10.0.0.0 தொகுதியில் மட்டும் 1 கோடியே 67 இலட்சத்திற்கு மேற்பட்ட முகவரிகள் உள்ளன. அவ்வளவு இடமிருந்தும் எல்லோரும் 192.168.1இலேயே குடியிருப்பது வியப்பிற்குரியது.

பழுது கண்டறிதல்

முதலில் முரண்பாடுதானா என்பதை உறுதி செய்தல் வேண்டும். ஐயத்திற்குரிய கணினியின் வலையமைப்புக் கம்பியைக் கழற்றிவிட்டு, வேறொரு கணினியின் ஆர்ப் அட்டவணையை அழித்து, அங்கிருந்து அம்முகவரிக்குப் பிங் செய்க. கழற்றிய பின்னும் பதில் வந்தால் வேறொரு கருவி அம்முகவரியில் உள்ளது உறுதி. பதில் வராவிட்டாலும் ஐயம் முற்றாக நீங்காது. விண்டோஸ் தீயரண் பிங் கேள்விகளைப் புறக்கணிக்கக்கூடும். ஆர்ப் கேள்வியைத் தீயரண் பொதுவாகத் தடுப்பதில்லை. எனவே பிங் செய்த பின் ஆர்ப் அட்டவணையில் அம்முகவரிக்கு எதிரே மேக் முகவரி தோன்றுகிறதா என்று பார்ப்பதே நம்பத்தக்கது. விண்டோஸில் ஐபிகான்ஃபிக் கட்டளையின் விரிவான வெளியீட்டில் முகவரியை அடுத்து "டூப்ளிகேட்" என்ற சொல் இருப்பதும், முகவரி 169.254 என்று தொடங்குவதும் கவனிக்கத்தக்கவை. எனினும் 169.254 என்பது டி.எச்.சி.பி. வழங்கியே பதில் தராத வேளையிலும் தோன்றும்.

அடுத்து, கிடைத்த மேக் முகவரியைக் கொண்டு கருவியை அடையாளம் காண வேண்டும். இம்முகவரியின் முதற்பாதி உற்பத்தியாளருக்கு ஐ.இ.இ.இ. அமைப்பு ஒதுக்கிய எண். அது கேமரா நிறுவனமா, அச்சுப்பொறி நிறுவனமா என்று தெரிந்தாலே தேடல் பாதியாகக் குறையும். ஆண்ட்ராய்டு 10, ஐ.ஓ.எஸ். 14 முதலான பதிப்புகளிலிருந்து கைபேசிகள் வலையமைப்புதோறும் ஒரு புனைமுகவரியைப் பயன்படுத்துவதால் அவற்றிற்கு இவ்வழி உதவாது. முகவரியின் இரண்டாவது எழுத்து 2, 6, ஏ, ஈ ஆகியவற்றுள் ஒன்றாயின் அது உற்பத்தியாளர் இட்டது அன்று என அறியலாம்.

மேலாண்மை வசதியுள்ள சுவிட்சாயின் எந்த மேக் முகவரி எந்த முனையில் உள்ளது என்பதை அதன் அட்டவணையே காட்டும். சிறு தொழிற்கூடங்களில் பெரும்பாலும் அவ்வசதி இராது. அங்கு தொடர் பிங் ஓடவிட்டு, கிளைச் சுவிட்சுகளின் மேலிணைப்பைப் பாதிப் பாதியாகக் கழற்றிப் பார்க்கலாம். எட்டுக் கிளைகள் இருப்பின் மூன்று முறையில் உரிய கிளை தெரிந்துவிடும். ஆனால் உற்பத்தி நடந்துகொண்டிருக்கையில் இதனைச் செய்தல் கூடாது. தொடர்பு அறுந்தால் பழுதுநிலைக்குச் சென்று நின்றுவிடுமாறு பல கட்டுப்படுத்திகள் அமைக்கப்பட்டிருக்கும். பட்டியல் கணினியைச் சரிசெய்யப் போய் உற்பத்தி வரிசையை நிறுத்துவது சரியான பண்டமாற்று அன்று. உணவு இடைவேளையோ முறைமாற்றமோ வரும் வரை பாதிக்கப்பட்ட கணினிக்குப் பங்கிடும் தொகுதிக்கு வெளியேயுள்ள, யாரும் பயன்படுத்தாததெனச் சோதித்தறிந்த முகவரி ஒன்றைத் தற்காலிகமாக இடுவது நன்று.

ரவுட்டரின் முகவரியே முரண்படுவது மிகக் கொடிய வகை. கம்பியில்லா இணைப்பின் எட்டுத்தொலைவைக் கூட்ட யாரேனும் புதிய ரவுட்டரைக் கொணர்ந்து, அதன் உள்வலை முனையில் அலுவலகக் கம்பியைச் செருகிவிட்டால், 192.168.1.1 என்ற முகவரியில் இருவர் அமர்கின்றனர். முகவரி பங்கிடுவோரும் இருவராகின்றனர். அலுவலகம் முழுதும் இணையம் வந்து வந்து போகும். எல்லாக் கணினிகளும் ஒருசேரப் பாதிக்கப்பட்டால், அண்மையில் புதிதாகச் செருகப்பட்டது என்ன என்று கேட்பதே முதற்சோதனை.

கணினியை மறுதொடக்கம் செய்யுமாறு கூறும் அறிவுரை இச்சிக்கலில் தீங்கானது. மறுதொடக்கத்தால் வேறு முகவரி கிடைத்து அறிகுறி மறையும். ஓசையற்ற கருவி அங்கேயே இருக்கும். அடுத்த மின்தடைக்குப் பின் வேறொருவர் அதில் சிக்குவர். அதனினும் தீங்கானது, நிகழ்வுப் பதிவேட்டிலுள்ள மேக் முகவரியைக் குறித்துக்கொள்ளாமல் எச்சரிக்கைப் பெட்டியை மூடிவிடுவது.

தடுப்பு

நிலைமுகவரிக்கும் பங்கிடும் முகவரிக்கும் இடத்தைப் பிரித்து வைப்பதே தலையாய தடுப்பு. 254 முகவரிகள் கொண்ட தொகுதியில் 1 முதல் 99 வரை நிலைக்கருவிகளுக்கும், 100 முதல் 199 வரை பங்கீட்டிற்கும், எஞ்சியவை கேமரா முதலியவற்றிற்கும் எனப் பிரிக்கலாம். 108 போன்ற இயல்நிலை முகவரியுடன் வரும் கருவியை அலுவலக வலையமைப்பில் செருகும் முன், தனியே ஒரு மடிக்கணினியுடன் இணைத்து முகவரியை மாற்றிவிட வேண்டும். அச்சுப்பொறிகளுக்குக் கருவியில் முகவரி இடுவதைவிட, மேக் முகவரியைக் கொண்டு ரவுட்டரில் முன்பதிவு செய்வது மேல். பதிவேடு ஓரிடத்திலேயே இருக்கும். ரவுட்டரையும் சுவிட்சையும் ஒரே யு.பி.எஸ். துணையில் வைத்தால் மின்தடையால் வரும் வகை பெரிதும் குறையும். செலவு மிகக் குறைந்த வழியும் இதுவே.

இயந்திரங்களை வீலான் எனப்படும் மெய்நிகர் உள்வலையாகவோ தனிச் சுவிட்சிலோ பிரித்து வைப்பது அடுத்த படி. ஆர்ப் கேள்விகள் அவ்வெல்லையைத் தாண்டாததால், அலுவலகத்தில் நேரும் தவறு ஆலைத்தளத்தை எட்டாது. மேலாண்மைச் சுவிட்சுகளிலுள்ள டி.எச்.சி.பி. கண்காணிப்பு வசதி, அங்கீகாரமற்ற ரவுட்டர் முகவரி பங்கிடுவதைத் தடுக்கும்.

முகவரிப் பதிவேட்டில் ஐ.பி. முகவரி, மேக் முகவரி, கருவி இருக்கும் இடம், நிறுவியவர், நாள் ஆகியன இருத்தல் வேண்டும். விரிதாள் கோப்பு போதும். ஆனால் அதன் அச்சுப்படி ஒன்று சுவிட்ச் பெட்டியின் கதவில் ஒட்டப்பட்டிருத்தல் நலம். முரண்பாடு நேரும் வேளையில் அக்கோப்பு இருக்கும் வழங்கியைத் திறக்க இயலாமற்போகலாம்.

ஐ.பி. பதிப்பு 6

பதிப்பு 6இல் முகவரி முரண்பாட்டுச் சோதனை நெறிமுறையின் உறுப்பாகவே சேர்க்கப்பட்டுள்ளது. 2007இல் வெளியான ஆர்.எஃப்.சி. 4862இன்படி, கருவி தன் முகவரியை ஏற்கும் முன் சோதித்தல் வேண்டும். தானாக அமையும் முகவரியில் கருவிக்கான பகுதி 64 இரும எண்கள் கொண்டதாதலால் தற்செயலாக இரண்டு ஒன்றாக அமைவது மிக அரிது. எனினும் நகலெடுக்கப்பட்ட மெய்நிகர்க் கணினிகள் ஒரே மேக் முகவரியைக் கொண்டிருப்பின் பதிப்பு 6இலும் முரண்பாடு எழும். ஆலைத்தளக் கட்டுப்படுத்திகள் பலவும் இன்றும் பதிப்பு 4இலேயே இயங்குகின்றன.